பட்டாளத்துக்காரர் வீடு திரும்பிய பிறகு: போர்ப் பிரிவு மணவாழ்க்கையை என்ன செய்கிறது?

2025 மே மாதம் 'ஆபரேஷன் சிந்தூர்' நாட்களில், விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த படைவீரர்கள் பலர் அவசரமாகத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத மாப்பிள்ளைகள் ரயில் ஏறியதாகவும் செய்திகள் வந்தன. அந்தச் செய்திகள் ரயில் நிலையத்தோடு முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு அந்த வீடுகளில் என்ன நடக்கும் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பிரிந்திருந்தால் பாசம் கூடும் என்பார்கள் சிலர். பட்டாளத்துக் கல்யாணம் நிலைக்காது என்பார்கள் வேறு சிலர். வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்குமே ஆதாரமாகக் காட்ட ஆய்வுகள் இருக்கின்றன.

அந்த முரணை அவிழ்க்க, இங்கே முக்கியமாக எடுத்துக்கொள்வது அமெரிக்கப் படைக் குடும்பங்களை. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்தே இந்த விஷயத்தை அளந்து, எண்ணி, எழுதிவைக்கும் பழக்கம் அங்கே இருக்கிறது. பிற்பகுதியில் நம் பட்டாளத்துக்கு வருவோம். அங்கே கணக்கு கொஞ்சம் வேறு.

## எல்லாப் பிரிவும் ஒன்றல்ல

துபாயில் வேலை பார்ப்பவரின் மனைவியும் தனியாகத்தான் இருக்கிறார். மீன்பிடிக் கப்பலில் போனவரின் மனைவியும் அப்படியே. போர்ப் பிரிவு இவற்றிலிருந்து மூன்று விதத்தில் வேறுபடுகிறது.

1. உயிர் ஆபத்து. இது வெளிப்படை, விளக்கம் தேவையில்லை.

2. திரும்பும் தேதியை நம்ப முடியாது. ஈராக் போரில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. அமெரிக்கத் தரைப்படையில் ஒரு பணிக்காலம் 12 மாதம் என்று சொல்லி அனுப்பினார்கள். 2007 ஏப்ரலில் அதை 15 மாதமாக்கினார்கள். ஏற்கெனவே அங்கே இருந்தவர்களுக்கும் இது பொருந்தியது. காலண்டரில் நாளைக் கிழித்துக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு மேலும் 3 மாதம். பழைய 12 மாத முறை திரும்ப வந்தது 2008 ஆகஸ்டில்தான்.

3. எங்கே இருக்கிறார் என்று தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது. இந்தியப் படைவீரருக்குக் கடிதம் எழுதியவர்களுக்கு இது பழக்கம். முகவரியின் கடைசியில் ஊர்ப் பெயர் இருக்காது. 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ஏபிஓ என்றால் படை அஞ்சலகம்) என்று ஓர் எண்தான் இருக்கும். கணவர் சியாச்சினில் இருந்தாலும் பஞ்சாபில் இருந்தாலும் உறையின் மேல் அதே எண்.

நம் மரபுக்கு இது புதிதில்லை. வேந்தனின் வினைக்காகப் பாசறைக்குப் போன தலைவனுக்காகக் காத்திருப்பதையே ஒரு திணையாக வைத்திருக்கிறோம். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். கார்காலத்தில் வருவேன் என்று அவன் சொல்லிப் போகிறான், அவள் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பாகனிடம் தேரை விரைந்து ஓட்டச் சொல்லி அவன் வருகிறான். தேர் வாசலுக்கு வந்ததும் பாட்டு முடிந்துவிடும். ஆய்வுகளைப் படித்தால், சிக்கலின் பெரும்பகுதி தேர் வந்து நின்ற பிறகு தொடங்குவது தெரிகிறது.

## பிரிவின் ஏழு கட்டங்கள்

1987 பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படை வட்டாரத்தின் இதழொன்றில் கேத்லீன் லோகன் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். அவரும் கடற்படைக்காரர் ஒருவரின் மனைவிதான். மாதக்கணக்கில் கப்பல் போய் வரும்போது மனைவியின் மனம் ஏழு கட்டங்களைக் கடக்கிறது என்பது அவர் கண்டது. பின்னால் 2001-இல் தரைப்படை மருத்துவர்கள் இதையொட்டி ஐந்து கட்டப் பதிப்பு ஒன்றை வெளியிட்டார்கள். மூல வடிவம்தான் எனக்குத் தெளிவாகப் படுகிறது:

1. இழப்பை எதிர்பார்த்தல் (கிளம்புவதற்குச் சில வாரங்கள் முன்பு)
2. மனத்தளவில் விலகுதல் (கடைசி நாட்கள்)
3. நிலைகுலைதல் (போனவுடன்)
4. தேறி நிலைப்படுதல் (நடுப்பகுதி)
5. வருகையை எதிர்பார்த்தல்
6. மண ஒப்பந்தத்தைத் திரும்பப் பேசிக்கொள்ளுதல் (வந்தவுடன்)
7. மறுபடி ஒன்றுசேர்ந்து நிலைப்படுதல்

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் மூன்றாவது கட்டத்தைத்தான் துயரம் என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்தப் பட்டியலில் விசித்திரமான இரண்டு இடங்கள் இரண்டாவதும் ஆறாவதும்.

இரண்டாவது கட்டத்தில் கணவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார். இன்னும் நான்கு நாள்தான் என்று இருவருக்கும் தெரியும். சந்தோஷமாகக் கழிக்கவேண்டிய அந்த நாட்களில் சோற்றுக்கு உப்பில்லை, சட்டைக்குப் பொத்தான் இல்லை என்று சண்டை வரும். கோபத்தோடு பிரிவது அழுகையோடு பிரிவதைவிடச் சுலபம், அதனால் மனம் தானாகவே சண்டைக்குப் போகிறது. சில மனைவிமார், போவதாக இருந்தால் சீக்கிரம் போய்த் தொலையட்டும் என்று நினைத்துவிட்டு, அப்புறம் மாதக்கணக்கில் அந்த நினைப்புக்காகக் குற்றவுணர்வில் கிடப்பார்கள். இப்படி ஒரு கட்டம் உண்டு, பெரும்பாலோருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தாலே பாதிப் பாரம் குறைந்துவிடும். லோகனின் பட்டியல் படைக் குடும்பங்களிடையே அத்தனை வேகமாகப் பரவியதற்கு இதுவே காரணமாக இருக்கவேண்டும்.

ஆறாவது கட்டத்தைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால், நடுவில் இருக்கும் மாதங்கள் உடம்பிலும் மனத்திலும் என்ன செய்கின்றன என்பதற்கு எண்கள் இருக்கின்றன.

## மனைவியின் மருத்துவக் கோப்பு

2010 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2003 முதல் 2006 வரை, அமெரிக்கத் தரைப்படையினரின் மனைவியர் 2,50,626 பேரின் மருத்துவப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். கணவர் ஈராக், ஆப்கானிஸ்தான் பணிகளுக்குப் போனவர்கள் ஒரு பக்கம், போகாதவர்கள் இன்னொரு பக்கம்.

கணவர் போர்ப்பணிக்குப் போனவர்களில் 36.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை மருத்துவரால் பதியப்பட்டிருந்தது. போகாதவர்களில் 30.5 சதவீதம். இரண்டாவது எண்ணையும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கணவர் வீட்டில் இருக்கும்போதே பத்தில் மூன்று பேர் என்றால், படை வாழ்க்கையே ஒரு சுமைதான். போர் அதன்மேல் இன்னொரு சுமையை ஏற்றுகிறது.

காலம் நீள நீளப் பாதிப்பும் கூடியது. கணவர் 11 மாதம் வரை போயிருந்தால் 1,000 மனைவியருக்குச் சுமார் 27 பேர் கூடுதலாக மனச்சோர்வுக்கு ஆளானார்கள். 11 மாதத்தைத் தாண்டினால் அது 39 ஆனது. தூக்கக் கோளாறு கூடுதலாக 12 பேரிடமிருந்து 23 பேருக்கு மேல் போனது, ஏறக்குறைய இரட்டிப்பு. 12 மாதத்தை 15 ஆக்குவது வெறும் நிர்வாக முடிவாகத் தோன்றலாம். இந்த அட்டவணையை வைத்துப் பார்த்தால் அது பல்லாயிரம் பெண்களின் தூக்கத்தைப் பற்றிய முடிவு.

இதில் ஒரு வரம்பு உண்டு. மருத்துவரிடம் போனவர்கள் மட்டுமே இந்தக் கணக்கில் வருவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் இதில் இல்லை.

## விவாகரத்து: ஆய்வுகள் ஏன் முரண்படுகின்றன?

மனம் பாதிக்கப்படுகிறது, சரி. மணம் முறிகிறதா?

2007-இல் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வு, போர்ப்பணிக்குப் போனவர்களின் மணங்கள் பெரும்பாலான படைப் பிரிவுகளில் போகாதவர்களுடையதைவிட அதிகமாக முறியவில்லை, சில கணக்குகளில் குறைவாகவே முறிந்தன என்று சொன்னது. 2013-இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த வேறு ஆய்வாளர்கள் சுமார் 4,60,000 படையினரின் மணங்களைப் பார்த்துவிட்டு, போர்ப்பணி மாதங்கள் கூடக் கூட விவாகரத்து ஆபத்தும் கூடுகிறது என்றார்கள். எது சரி?

இரண்டையும் அருகருகே வைத்தால் நான்கு விஷயங்கள் புலப்படும்.

1. போர் நடக்கும்போது விவாகரத்து நடப்பதில்லை. கணவர் முனையில் இருக்கும்போது மனுப் போடும் மனைவியர் குறைவு. சட்டமும் தடுக்கிறது. அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டுச் சட்டம் பணியில் இருக்கும் படைவீரர்மீதான சிவில் வழக்குகளைத் தள்ளிவைக்க வழிசெய்தது. இந்தியாவிலும் 1925-ஆம் ஆண்டின் படைவீரர் வழக்குச் சட்டம், போர்ச் சூழலில் பணியாற்றுபவர் வரமுடியாத நிலையில் அவருக்கு எதிராக வழக்கு நடந்துவிடாமல் காக்கிறது. ஆகவே போர்க்காலத்தில் எண்ணினால் குறைவாகத்தான் தெரியும். அணையில் தண்ணீர் தேங்கிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

2. அணை திறந்த ஆண்டு வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் 1940-இல் சுமார் 2,64,000 விவாகரத்துகள். போர் முடிந்த மறு ஆண்டு, 1946-இல், சுமார் 6,10,000. அதற்குப் பிறகு இறங்கி, 1950-இல் 3,85,000 அளவுக்கு வந்தது. இந்த 1946-ஐ வைத்துத்தான் 'போர் குடும்பங்களை உடைத்தது' என்று எழுதுகிறார்கள். அதில் பாதி உண்மை. கப்பல் ஏறுவதற்கு முந்தைய வாரம் அவசரமாகக் கட்டிய தாலிகள் (அங்கே மோதிரங்கள்) அந்த எண்ணில் ஏராளம். ஒருவரை ஒருவர் அறிந்த நாட்களைவிடப் பிரிந்திருந்த நாட்கள் பல மடங்கு அதிகம் கொண்ட ஜோடிகள் அவை. அவற்றைப் பிரிவு உடைத்தது என்பதைவிட, அவை சேர்ந்ததே இல்லை என்பதுதான் பொருத்தம்.

3. பணம் ஒட்டவைக்கிறது. 1942 சட்டத்தின்படி ஒரு சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு மாதம் 50 டாலர் போனது. கணவரின் சம்பளத்தில் 22 டாலர் பிடித்து, அரசு 28 சேர்த்துக் கொடுத்தது. அப்போது சிப்பாயின் சம்பளமே 50 டாலர்தான். ஈராக் காலத்தில் குடும்பப் பிரிவுப் படியாக மாதம் 250 டாலர், போர்ப் பகுதியில் வாங்கும் சம்பளத்துக்கு வரிவிலக்கு என்று வீட்டுக்குக் கூடுதல் வரவு இருந்தது. பிரிந்திருக்கும் மாதங்களில் மணவாழ்க்கை பொருளாதாரரீதியாக லாபம். 2007 ஆய்வில் தெரிந்த 'பாதுகாப்பில்' இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

4. எதிர்பார்ப்பு. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். 2013 ஆய்வு, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு முன்பே மணமானவர்களைத் தனியாகப் பார்த்தது. அமைதிக்காலப் படை வாழ்க்கை என்று நம்பிக் கல்யாணம் செய்தவர்கள் இவர்கள். தாக்குதலுக்குப் பிறகு 12 மாதப் பணிக்குப் போகவேண்டி வந்தபோது, அதே அளவு பிரிவைத் தாக்குதலுக்கு முன்னால் சந்தித்தவர்களைவிட 28 சதவீதம் அதிகமாக, மணமாகி மூன்றே ஆண்டுக்குள் பிரிந்தார்கள். போர் என்று தெரிந்தே பின்னால் மணம் செய்தவர்களுக்கு அடி குறைவு. அதாவது மாதங்களின் எண்ணிக்கை மட்டும் கணக்கில்லை. 'இதற்காகவா நான் கல்யாணம் செய்தேன்?' என்ற கேள்வியும் சேர்ந்துதான் அறுக்கிறது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. படையில் இருப்பது மனைவியாக இருந்தால், போர்ப்பணிக்குப் பிறகு மணம் முறியும் வாய்ப்பு ஆண் படைவீரர்களுடையதைவிட அதிகம். காத்திருத்தலைப் பெண்ணின் வேலையாக வைத்திருப்பது நம் ஊர் மட்டும் இல்லை போலிருக்கிறது.

## வரிசையை மூடிக்கொண்ட வீடு

இந்தத் துறையின் அடிப்படை ஆய்வு 1949-இல் வந்தது. சமூகவியலாளர் ரூபன் ஹில், ஐயோவா மாநிலத்தில் 135 குடும்பங்களை எடுத்துக்கொண்டு, இரண்டாம் உலகப் போரில் தந்தை போனபோது என்ன நடந்தது, வந்தபோது என்ன நடந்தது என்று தனித்தனியாக ஆராய்ந்தார். அவர் கொடுத்த சூத்திரம் இன்றும் பாடமாக இருக்கிறது. ஒரு நிகழ்வு நெருக்கடியாக மாறுவது, அந்த நிகழ்வின் கடுமை, குடும்பத்தின் கையிருப்பு (பணம், உறவு, திறமை), குடும்பம் அதற்குக் கொடுக்கும் அர்த்தம் என்ற மூன்றும் சேர்ந்துதான். மேலே சொன்ன 28 சதவீதக் கதை இந்த மூன்றாவது விஷயத்தைச் சார்ந்தது.

சூத்திரத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு. பிரிவை நன்றாகச் சமாளித்த குடும்பங்கள், மீண்டும் சேர்வதையும் நன்றாகச் சமாளித்திருக்கவேண்டும் என்றுதானே நினைப்போம்? அப்படி இல்லை. சில வீடுகளில் தந்தை போனவுடன் மற்றவர்கள் நெருங்கி நின்று, அவர் விட்ட இடத்தை முழுசாக நிரப்பிவிட்டார்கள். சிப்பாய்கள் ஒருவர் விழுந்தால் வரிசையை மூடிக்கொள்வார்களே, அப்படி. பிரிவுக்காலம் அவர்களுக்குச் சிக்கலின்றிப் போனது. ஆனால் அவர் திரும்பி வந்தபோது நிற்க இடமில்லை. இடத்தைப் பாதி மட்டும் மூடி, அப்பாவைக் கேட்டு முடிவு செய்யலாம், அப்பா வந்ததும் பார்க்கலாம் என்று கொஞ்சம் விட்டுவைத்த வீடுகள் பிரிவின்போது தடுமாறினாலும் சேர்வதில் தேறின.

லோகன் சொன்ன ஆறாவது கட்டம் இதுவே. அதில் பேரம் பேசப்படும் பொருட்கள் மிகச் சாதாரணமானவை:

1. காசு யார் கையில்? ஓராண்டாக வீட்டு வாடகை, காப்பீட்டுத் தவணை, பள்ளிக்கட்டணம் எல்லாம் மனைவி கட்டிவந்தார். இப்போது கணவர் பாஸ்புத்தகத்தைக் கேட்கிறார். கேட்பவருக்கு அது இயல்பு, கொடுப்பவருக்கு அது பதவி இறக்கம்.

2. பிள்ளையைக் கண்டிப்பது யார்? இரண்டு வயதில் விட்டுப்போன குழந்தைக்கு இப்போது மூன்றரை. அது புதிய ஆளைப் பார்த்து அம்மா முந்தானைக்குள் ஒளிகிறது. அவர் அதட்டுகிறார். அவள் குறுக்கே விழுகிறாள்.

3. முடிவு எடுக்கும் வேகம். போர்முனையில் கட்டளை, நிறைவேற்றம், அவ்வளவுதான். வீட்டில் பால் வாங்குவதற்குக்கூட விவாதம்.

4. உறக்கம். திடீரென எழுந்து கதவைச் சோதிப்பவர், பட்டாசுச் சத்தத்துக்குக் கீழே குனிபவர், கூட்டத்தில் முதுகைச் சுவரோடு ஒட்டி நிற்பவர். மனவதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று இதற்கு ஒரு பெயர், வியட்நாம் போர் முடிந்து ஐந்து ஆண்டு கழித்து, 1980-இல்தான் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் ஏறியது. அதுவரை இதே வீடுகளில் இதே நிலையில் வாழ்ந்த பெண்களுக்குக் கணவர் 'மாறிவிட்டார்' என்பதற்கு மேல் சொல்ல வார்த்தை இல்லை.

இவை எல்லாவற்றிலும் கற்பைப் பற்றிய பேச்சே வரவில்லை என்பதைக் கவனிக்கலாம். ஊர் பேசுவதெல்லாம் அதைத்தான். போர்முனை வதந்திகளும், மனைவி உறவை முறித்து எழுதும் கடிதங்களைப் பற்றிய பட்டாளத்துக் கதைகளும் அதையே சுற்றுகின்றன. துரோகம் நடப்பதே இல்லை என்பதில்லை. நம் படைகளில் அதற்கு ஒழுங்கு நடவடிக்கையே உண்டு. 2018-இல் உச்ச நீதிமன்றம் பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை ரத்து செய்த பிறகும், படைச் சட்டங்களின் கீழ் எடுக்கும் நடவடிக்கையை அந்தத் தீர்ப்பு பாதிக்காது என்று 2023 ஜனவரியில் விளக்கம் தரவேண்டியிருந்தது. ஆனால் மணவாழ்க்கையை அன்றாடம் அரிப்பது பாஸ்புத்தகமும் பிள்ளை வளர்ப்பும்.

## தொலைபேசி வந்த பிறகு

1940-களில் கடிதம் வாரக்கணக்கில் பயணம் செய்தது. கடிதத்தை இடப்பற்றாக்குறையால் நுண்படச் சுருளில் படமெடுத்து அனுப்பி, மறுகரையில் அச்சிட்டுக் கொடுக்கும் முறையும் இருந்தது. ஈராக் காலத்தில் மின்னஞ்சலும் இணையவழிப் படப்பேச்சும் வந்தன. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

தீர்ந்த பகுதி உண்டு. குழந்தை அப்பாவின் முகத்தை மறப்பதில்லை. ஹில் சொன்ன 'பாதி திறந்த இடத்தை' இதைவிட நன்றாகத் திறந்துவைக்கும் கருவி இல்லை. ஆனால் இரண்டு புதிய சிக்கல்கள் சேர்ந்தன.

முதலாவது, வீட்டுக் குழாய் ஒழுகுவது அன்றைக்கே போர்முனைக்குத் தெரிந்துவிடுகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாரோடு மனத்தாங்கல், வங்கியில் பணம் பிடித்துவிட்டார்கள் என்று கேட்டுவிட்டு அவர் ரோந்துக்குப் போகவேண்டும். சொன்னால் அவருக்குக் கவனம் சிதறும். சொல்லாவிட்டால் இருவருக்கும் இடையில் ஒரு மறைப்பு வளரும். பல மனைவிமார் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று தினமும் தணிக்கை செய்கிறார்கள். அதுவே ஒரு வேலை.

இரண்டாவது, மௌனம் ஒரு செய்தியாக மாறியது. ஒரு முகாமில் யாராவது இறந்துவிட்டால், அவர் குடும்பத்துக்கு முறைப்படி சொல்லும்வரை மொத்த முகாமின் இணையத்தையும் தொலைபேசியையும் அமெரிக்கப் படை நிறுத்திவிடும். 'ரிவர் சிட்டி' என்பது அதற்கான குறிச்சொல். நோக்கம் நல்லது. இறப்புச் செய்தி முகநூல் வழியாக மனைவிக்குப் போகக்கூடாது. ஆனால் விளைவு, தினமும் எட்டு மணிக்கு வரும் அழைப்பு ஒரு நாள் வரவில்லை என்றால் நூற்றுக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் மூச்சு நின்றுவிடும். வாசலில் சீருடையில் இருவர் வந்து நிற்கிறார்களா என்று ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். பக்கத்துத் தெருவில் நின்றால் நிம்மதி, அந்த நிம்மதிக்காகவே பிறகு வெட்கம். கடிதக் காலத்தில் தாமதம் இயல்பாக இருந்ததால் இந்த வகைப் பயம் இவ்வளவு கூர்மையாக இல்லை.

## நம் பட்டாளத்தில்

அமெரிக்க ஆய்வுகளை அப்படியே தூக்கி வேலூரில் வைக்க முடியாது. வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது வழக்கம். அங்கே பிரிவின் அமைப்பே வேறு.

அமெரிக்கச் சிப்பாய்க்குப் பிரிவு என்பது ஓர் ஆண்டுப் போர்ப்பணி, பிறகு வீடு. இந்திய ஜவானுக்குப் போர் இல்லாத காலத்திலும் பிரிவு உண்டு. எல்லையிலோ பனிமலையிலோ 'ஃபீல்டு' பணி என்றால் குடும்பத்தை அழைத்துப்போக முடியாது. 'பீஸ் ஸ்டேஷன்' (அமைதிப் பகுதி முகாம்) கிடைத்தாலும் ஃபேமிலி குவார்ட்டர்ஸ் காலியாக இருக்கவேண்டும், பிள்ளையின் படிப்பு இடம் கொடுக்கவேண்டும். ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. ஆக, பல வருடங்களுக்குக் கணவர் என்பவர் டிரங்குப் பெட்டியோடும் கேன்டீன் சாமான்களோடும் வந்துபோகும் ஒருவர். அந்த நாட்களில் கல்யாண வீடு, துக்க வீடு, நிலத் தகராறு, அம்மாவின் கண் அறுவை எல்லாம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். லோகனின் ஆறாவது கட்டத்துக்கு வருவதற்குள் விடுப்பு தீர்ந்துவிடும். விருந்தாளியோடு யாரும் பாஸ்புத்தகச் சண்டை போடுவதில்லை. அதனால் பேரம் தள்ளிப்போகிறது.

அந்த வீட்டின் வரிசை மூடப்படும் விதமும் வேறு. ஐயோவாவில் மனைவி குடும்பத் தலைவியானார். இங்கே பெரும்பாலும் மனைவி மாமியார் வீட்டில் இருக்கிறார். கணவர் விட்ட இடத்தை மாமனாரோ கொழுந்தனாரோ நிரப்புகிறார். மணியார்டர் காலத்தில் பணம் அப்பா பெயருக்கு வந்தது. சம்பளம் வங்கிக் கணக்குக்கும், ஏடிஎம் அட்டை மனைவி கைக்கும் வந்தது பல வீடுகளில் சத்தமில்லாமல் நடந்த ஒரு ஆட்சி மாற்றம். கணவர் பணம் அனுப்பாமல் கைவிட்டால், படைச் சட்டம் 1950-இன் கீழ் அவருடைய சம்பளத்திலிருந்தே பராமரிப்புத் தொகையைப் பிடித்து மனைவிக்கு அனுப்ப அதிகாரிகளுக்கு வழி இருக்கிறது. நீதிமன்றம் போகாமலே படைத் தலைமைக்கு விண்ணப்பிக்கலாம். இது தெரியாத மனைவிமார் நிறைய. 1966-இல் தொடங்கிய ராணுவ மனைவியர் நலச் சங்கமும், மாவட்டந்தோறும் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களும் இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான்.

அப்படியென்றால் தள்ளிப்போன அந்தப் பேரம் எப்போது நடக்கிறது? ஓய்வு பெற்ற பிறகு. பென்ஷனுக்குக் குறைந்தது 15 ஆண்டு சேவை வேண்டும். 19, 20 வயதில் சேர்ந்த சிப்பாய் நாற்பதை ஒட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறார். கல்யாணமாகிப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். மொத்தமாகக் கூட்டிப்பார்த்தால் சேர்ந்து வாழ்ந்தது நான்கைந்து வருடம் தேறலாம். காலை ஐந்து மணிக்கு எழுந்து எல்லோரையும் எழுப்புவார், செருப்பை வரிசையாக வைக்கச் சொல்வார், பள்ளிக்குப் போகும் பையனின் முடியைப் பற்றிப் பேசுவார். அவர் இல்லாமல் ஓடக் கற்றுக்கொண்ட வீடு அது. அமெரிக்கக் குடும்பம் ஓர் ஆண்டுப் பிரிவுக்குப் பிறகு செய்யும் பேச்சுவார்த்தையை இங்கே பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு, யாரும் அதற்கு ஒரு பெயர்கூட வைக்காமல், செய்கிறார்கள். அவர் ஓராண்டுக்குள் ஏதாவது வங்கியிலோ ஏடிஎம் வாசலிலோ காவல் வேலைக்குப் போய்விடுவதற்குப் பணம் மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

2022 ஜூனில் வந்த அக்னிபாத் திட்டம் இந்தக் கணக்கை மாற்றும். மணமாகாதவர்களைத்தான் சேர்க்கிறார்கள், பணிக்காலம் நான்கு ஆண்டு, அதற்குமேல் 25 சதவீதம் பேர் வரைதான் தொடரலாம். பெரும்பாலோருக்குப் பட்டாளம் கல்யாணத்துக்கு முன்பே முடிந்துவிடும். பிரிவுச் சிக்கல் போய்ப் பென்ஷன் இல்லாத சிக்கல் வருகிறது.

## திரும்பியும் வராமல், இறந்தும் போகாமல்

எல்லாவற்றிலும் கடினமானது இது. அமெரிக்கக் கடற்படை விமானி ஜேம்ஸ் ஸ்டாக்டேல் 1965 செப்டம்பரில் வடவியட்நாமில் சுட்டு வீழ்த்தப்பட்டார். அவர் மனைவி சிபில் நான்கு மகன்களோடு இருந்தார். வாயைத் திறக்காதீர்கள், கைதிகளுக்கு ஆபத்து என்று அரசு சொன்னது. சில ஆண்டுகள் அடங்கியிருந்துவிட்டு, மற்ற மனைவியரைத் திரட்டி 1970-இல் தேசிய அளவில் ஓர் அமைப்பே தொடங்கினார். கணவர் 1973 பிப்ரவரியில், ஏழரை ஆண்டு கழித்து வந்தார். அந்த ஆண்டு விடுவிக்கப்பட்ட கைதிகள் 591 பேர். வராதவர்களின் மனைவியரிடம் பேசிய ஆய்வாளர் பாலின் பாஸ், அவர்கள் நிலைக்கு 1970-களில் 'தெளிவற்ற இழப்பு' என்ற கருத்தை உருவாக்கினார். உடல் இல்லை, சடங்கு இல்லை, ஆகவே துக்கம் தொடங்கவே முடியாது. ஆள் உடலால் இல்லை, ஆனால் மனத்தில் முழுசாக இருக்கிறார்.

நம் மொழியில் இதைப் பொட்டு வைப்பதா, அழிப்பதா என்ற ஒரு கேள்வியாகக் கேட்டுவிடலாம். 1971 போரில் காணாமல்போய், 'மிஸ்ஸிங் 54' என்று அழைக்கப்படும் இந்தியப் படையினரின் குடும்பங்கள் பல பத்தாண்டுகள் அந்தக் கேள்வியோடு இருந்தன. இலங்கையில் போர் முடிந்த பிறகு, காணாமல் ஆக்கப்பட்ட தமிழர்களின் மனைவியரும், களத்தில் காணாமல்போன அரசப் படையினரின் மனைவியரும் எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து அதே கேள்விக்கு வந்து சேர்ந்தார்கள். மரணச் சான்றிதழ் வாங்கினால் நாமே அவரைக் கொன்றதாகிவிடும். வாங்காவிட்டால் வங்கிக் கணக்கு, நிலப் பத்திரம், எதுவும் நகராது. 2016-இல் அங்கே கொண்டுவந்த சட்டத்திருத்தம், இறந்தார் என்று சொல்லாமல், காணவில்லை என்பதற்கு மட்டும் ஒரு சான்றிதழ் தர வழிசெய்தது. இந்தியச் சட்டம் ஏழு ஆண்டு என்று ஒரு கோடு போடுகிறது. உயிரோடு இருந்தால் தகவல் தெரிந்திருக்கவேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டாகத் தகவல் இல்லை என்றால் இறந்ததாகக் கொள்ளலாம், இந்து திருமணச் சட்டத்தின்படி விவாகரத்தும் கேட்கலாம்.

இறப்பு உறுதியானவர்களின் மனைவிக்கும் ஒரு முடிச்சு இருந்தது. வீரதீர விருது பெற்று இறந்தவரின் மனைவிக்கு விருதோடு வரும் மாதாந்தரத் தொகை, அவர் மறுமணம் செய்தால் நின்றுவிடும். ஆனால் இறந்த கணவரின் சகோதரரையே மணந்தால் மட்டும் தொடரும். வீட்டின் வரிசையை யார் மூடவேண்டும் என்பதை அரசே விதியாக எழுதிவைத்திருந்தது. பாதுகாப்பு அமைச்சகம் அந்த நிபந்தனையை 2017 நவம்பரில் எடுத்துவிட்டது. இப்போது அவர் யாரை மணந்தாலும் தொகை வரும்.